காப்பர் ஒயரா, அலுமினியம் ஒயரா?

"காப்பரே போடுங்க சார்" என்பார் எலக்ட்ரீஷியன். ஏன் என்று கேட்டால், "அதான் தரம்." தெருக்கம்பத்தில் தொங்குவது அலுமினியம்தானே, அது தரமில்லையா?

மின்சாரம் கடத்துவதில் செம்பை 100 என்று வைத்தால் அலுமினியம் 61 பக்கம் வரும். அதே வேலைக்கு, குறுக்குவெட்டுப் பரப்பில் ஒன்றரை மடங்குக்கு மேல் பெரிய கம்பி வேண்டும். ஆனால் ஒரு கன சென்டிமீட்டர் செம்பு 8.96 கிராம், அலுமினியம் 2.7 தான். தடிமனைக் கூட்டிய பிறகும் எடை பாதிதான். கோபுரத்துக்குக் கோபுரம் இழுத்துக் கட்டும் கம்பிக்கு எடைதானே எல்லாம்? இழுவிசையைத் தாங்க நடுவில் எஃகு இழை கொடுத்து, சுற்றிலும் அலுமினியத்தை முறுக்கிவிடுகிறார்கள். அங்கே செம்புக்கு வேலையே இல்லை.

இத்தனைக்கும் அலுமினியம் நேற்று வந்தது. 1825-இல் ஓர்ஸ்டெட் பிரித்தெடுத்தபோது அது ஆய்வக அதிசயம். 1886-இல் அமெரிக்கர் ஹாலும் பிரெஞ்சுக்காரர் ஹெரோல்ட்டும் தனித்தனியே, மின்சாரம் பாய்ச்சிப் பிரிக்கும் மின்னாற்பகுப்பு வழியைக் கண்டுபிடித்த பிறகே விலை அடியோடு இறங்கியது. செம்போ சொம்புக்கே பெயர் கொடுத்த பழைய ஆள்.

வீட்டுச் சுவருக்குள் எடை பொருட்டில்லை. வம்பெல்லாம் முனையில், ஸ்விட்ச் திருகில். காற்றுப் பட்டதும் அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலம் படியும். வெளியே அரிப்பிலிருந்து காப்பதும் அதுதான். திருகடியில் மின்சாரத்தை மறிப்பதும் அதுதான். போதாததற்கு, அழுத்தத்தில் கம்பி மெல்ல நசுங்கும். சூடேறும்போது பித்தளைத் திருகைவிட அதிகம் விரிந்து, ஆறும்போது அதிகம் சுருங்கும். பிடி தளரும், தளர்ந்த இடம் கொதிக்கும், கருகும். 1960-70களில் அலுமினிய ஒயரிங் போட்ட அமெரிக்க வீடுகள் சில தீப்பற்றியது இப்படித்தான்.

மோட்டார் காயில் கட்டுவதிலும் என் ஓட்டு செம்புக்கே. காயில் உட்காரும் பள்ளமான ஸ்லாட்டில் இடம் அளவோடுதான். தடித்த அலுமினியக் கம்பியில் அத்தனை சுற்று நுழையாது. சால்டரிங்கும் லேசில் பிடிக்காது. செம்பின் ஒரே சாபம் திருடர்கள்: கிணற்று மோட்டார் கேபிளை அறுத்துப் போகிறவன் தேடுவது அதைத்தான்.

பழைய வீட்டில் அலுமினியம் ஓடுகிறதா? புது காப்பர் ஒயரை அதோடு முறுக்கி டேப் சுற்றாதீர்கள். ஈரம் பட்டால் அலுமினியம் அரித்துப்போகும். இடையில் பைமெட்டல் லக் (ஒரு பக்கம் செம்பும் மறுபக்கம் அலுமினியமுமான இணைப்பு) கேட்டு வாங்கிப் போடச் சொல்லுங்கள்.