கார்பன் ரிம்மில் விரிசல்: வாரண்டியா, ஒட்டா, அலுமினியமா?

என் சைக்கிளில் இருப்பது கார்பன் ரிம். டியூப்லெஸ் டேப்பை (டியூப் இல்லாத டயரில் காற்று கசியாமல் ரிம்மின் துளைகளை மூடும் நாடா) மாற்றுவதற்காகப் பின் டயரைக் கழற்றியபோதுதான் கவனித்தேன். மூன்று ஸ்போக் துளைகளைச் சுற்றி முடி போல மெல்லிய கோடுகள். நகத்தால் தடவினால் தட்டுப்பட்டன. ஒரு ரூபாய் நாணயத்தால் ரிம்மைச் சுற்றித் தட்டிக்கொண்டே வந்தேன். மற்ற இடங்களில் கணீரென்று கேட்டது. அந்த மூன்று துளைகளருகே மட்டும் சத்தம் அமுங்கியது. அடுக்குகள் விட்டுப்போயிருப்பதற்கு அது அடையாளம். குழியில் விட்டு இடித்திருந்தால் டயர் உட்காரும் விளிம்பில் அடி தெரிந்திருக்கும். என் ரிம்மில் விளிம்பு சுத்தமாக இருந்தது.

ரெசின் என்ற பிசினில் தோய்ந்த கார்பன் துணிகளை அச்சில் அடுக்கி, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக வைத்துத்தான் ரிம் செய்கிறார்கள். அப்போது காற்றுக் குமிழியோ மடிப்போ சிக்கிவிட்டால் அந்த இடம் பலவீனமாகிவிடும். ஸ்போக் ஒவ்வொன்றும் 100, 120 கிலோ அளவு விசையில் இழுத்துக்கொண்டே இருப்பதால், பலவீனம் முதலில் வெளியே வருவதும் துளையருகேதான்.

வாரண்டியைத்தான் முதலில் முயல வேண்டும். ஆனால் 'இலவச ரிம்' என்பது முழு இலவசம் அல்ல. கூரியர், கோர்க்கும் கூலி, சில நேரம் புது ஸ்போக்குகள் என்று செலவு நம் தலையில் விழும். பழைய மாடல் நின்றுபோய் வேறு ஆழத்தில் (வெளி விளிம்பிலிருந்து மையம் நோக்கி ரிம்மின் உயரம்) ரிம் அனுப்பினால் ஸ்போக் நீளமே மாறிவிடும். ஸ்போக்கை அதிகமாக முறுக்கியதால்தான் விரிசல் விட்டது என்று ரிம் கம்பெனிக்காரர்கள் சொல்லக்கூடும். அதனால் சக்கரத்தைப் பிரிப்பதற்கு முன்பே டென்ஷன் மீட்டரில் (ஸ்போக்கின் இழுவிசையைக் காட்டும் கருவி) எல்லா ஸ்போக்கையும் அளந்து, எண்கள் தெரியப் படம் எடுத்துவிடுங்கள். எனக்கு முதலில் வந்த பதில், விபத்துச் சேதம் என்று எடுத்துக்கொண்டு தள்ளுபடி விலையில் வேறு ரிம் தருகிறோம் என்பது. நான் சம்மதிக்கவில்லை. சம்மதித்தால் தவறு என்னுடையது என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி. பில்லும் படங்களும் கையில் இருந்ததால் இரண்டாவது கடிதத்தில் இறங்கி வந்தார்கள். இந்தியாவில் வாங்கியது என்றால் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம்; பிரச்சினை எழுந்த 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும்.

ஒட்டுப் போடுவது? கார்பன் பிரேம் என்றால் சரி, அதை ஒட்ட நல்ல கைகள் இருக்கின்றன. ரிம்முக்கு வேண்டவே வேண்டாம். உள்ளே வெற்றுக் கூடு, கெட்ட அடுக்கைக் கை எட்டாது. மேலே ஒட்டினால் விரிசல் மறையும், இழுவிசை அப்படியே இருக்கும். ரிம்மையே அழுத்திப் பிடிக்கும் ரிம் பிரேக் வண்டியாக இருந்தால் பிரேக் சூடு வேறு ரெசினை இளக்கும். அலுமினியம் பெரும்பாலும் கோட்டம் காட்டி எச்சரிக்கும். கார்பன் திடீரென்று விட்டுவிடும், அதுவும் இறக்கத்தில் என்றால் நினைக்கவே பயமாக இருக்கிறது.

வாரண்டி முடிந்துவிட்டதா? அதே ஹப்பில் (ஸ்போக்குகள் சேரும் சக்கரத்தின் நடுப்பகுதி) அலுமினிய ரிம்மைக் கோர்த்துக்கொள்ளுங்கள். எடையில் நீங்கள் பயப்படும் அளவுக்கு வித்தியாசம் இருக்காது. காற்றைக் கிழிக்கும் ஆழம்தான் போகும். துளை எண்ணிக்கை பொருந்த வேண்டும்: 24, 28 என்றால் தேடினால் கிடைக்கும், 21 துளை ஹப் என்றால் சிரமம். ஸ்போக் நிப்பிள் (ஸ்போக் முனையை ரிம்மில் பிடிக்கும் சிறு நட்டு) உட்காரும் விட்டத்தையும் பழைய ரிம்மோடு ஒப்பிடுங்கள். அதில் 4 மி.மீ. வித்தியாசம் இருந்தால் ஸ்போக் நீளத்தில் ஏறக்குறைய 2 மி.மீ. மாறும், பழைய ஸ்போக் உதவாது.

எனக்குப் புது ரிம் வந்ததும் மெக்கானிக் அண்ணனிடம் கொடுப்பதற்கு முன் வீட்டிலேயே ஒவ்வொரு துளையருகிலும் நாணயத்தால் தட்டிப் பார்த்தேன். கோர்த்து ஓட்டிய பிறகு குறை தெரிந்தால் பழையபடி டென்ஷன் கேள்வியிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள்.