அட்டையா, பவுடரா, யூவி டார்ச்சா: காருக்கடியில் சொட்டுவதைப் பிடிக்க எது தேறும்?

பெருந்துறைப் பக்கம் எங்கள் வீட்டில் அப்போது கார் ராத்திரி வாசலில்தான் நிற்கும். போன மார்கழியில் ஒரு நாள் விடியற்காலை நான் காரை வெளியே எடுத்துவிட்டேன். கோலமாவோடு வந்த அம்மா கூப்பிட்டார்: "கண்ணு, உன்ற காரும் புள்ளி வெச்சிருக்குது, வந்து பாரு."

கறுப்பாக மூன்று சொட்டு, ஒவ்வொன்றும் ஐந்து ரூபாய்க் காசு அகலம். அன்றைக்கே ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். குழிக்குள் இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தவர் ஒரு நிமிடத்தில் மேலே வந்தார். "கிராங்க் பின்பக்க சீல் போயிருச்சுங்க. கியர்பாக்ஸை இறக்கோணும்." என்ஜின் கியர்பாக்ஸோடு சேரும் இடத்தில் ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம்தான் அந்த சீல். அதன் விலை சில நூறுதான். இறக்கி ஏற்றும் கூலிதான் பல ஆயிரம். யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை எடுத்து வந்துவிட்டேன்.

ஒழுகலை வீட்டிலேயே தேட மூன்று வழி. முதலில் அட்டை. ஃப்ரிட்ஜ் வந்த பெட்டியைப் பிரித்து அடியில் விரித்து, முன்சக்கரங்கள் நிற்கும் இடத்தைப் பேனாவால் குறித்துவிட வேண்டும். செலவே கிடையாது. என்ன ஒழுகுகிறது, எவ்வளவு என்பதை இது நன்றாகச் சொல்லும். கறுப்பு, பழுப்பு என்றால் என்ஜின் ஆயில். சிவப்பு என்றால் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் அல்லது பவர் ஸ்டீயரிங். பச்சையோ ரோஸோ, லேசான இனிப்பு வாசனையோடு இருந்தால் கூலண்ட். அதை நாய் நக்காமல் உடனே கழுவிவிடுங்கள், விஷம். சக்கரத்தின் உள்பக்கம் வெளிர் மஞ்சளாக வழுவழுவென்று இருந்தால் பிரேக் ஆயில். அதற்கு எந்த ஒப்பீடும் வேண்டாம், வண்டியை நகர்த்தாமல் மெக்கானிக்கை வீட்டுக்கே கூப்பிடுங்கள். வால்பாறை மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவு, அங்கே வைத்துச் சோதித்துப் பார்க்கிற விஷயம் இல்லை இது.

ஆனால் ஆயில் எங்கிருந்து வருகிறது என்று அட்டை சொல்லாது. சொட்டு மேலே ஒரு மூலையில் பிறந்து, இரும்பைப் பிடித்து வழிந்து, ஓடும்போது காற்று பின்னால் தள்ள, கடைசியில் எது தாழ்வோ அங்கே வந்து விழும். குழியில் நின்று பார்ப்பவருக்குத் தெரிவது அந்தக் கடைசி இடம் மட்டும்தான்.

எனக்குக் கைகொடுத்தது பவுடர். என்ஜின் நன்றாக ஆறிய பிறகு ஆல்டர்னேட்டர் மேல் பிளாஸ்டிக் பையைக் கட்டி, ஆயில் படிந்த இடமெல்லாம் பிசுக்கை எடுக்கும் டிகிரீசர் அடித்து பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்தேன். இந்த வேலைக்கே ஒரு மணி நேரம் போனது. இதில் சோம்பல்பட்டால் பழைய ஆயிலைத்தான் புது ஒழுகல் என்று நினைத்துக்கொண்டிருப்போம். நன்றாகக் காய்ந்ததும் முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரை மேலிருந்து கீழ்வரை லேசாகத் தூவினேன். பக்கத்திலேயே இருக்கிறதே என்று கோலமாவை எடுத்துவிடாதீர்கள். அது கல் மாவு, பெல்ட்டுக்குள் போனால் அறுக்கும். விஜயமங்கலம் வரை ஓட்டித் திரும்பி, பானெட்டைத் திறந்து செல்போன் டார்ச் அடித்தேன். என்ஜினின் உச்சியை மூடும் டேப்பட் கவரின் பின்மூலையில் வெள்ளைப் பவுடர் மேல் தேன் நிறத்தில் ஒரு கோடு. அது என்ஜினின் பின்சுவரில் இறங்கி, கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் போய் முடிந்தது. குழியில் இருந்து பார்த்தால் யாருமே கிராங்க் சீல் என்றுதான் சொல்வார்கள்.

யூவி டார்ச் முறை இதைவிட நவீனம். ஆயிலில் ஒரு சாயத்தைக் கலந்து சில நாள் ஓட்டிவிட்டு, இருட்டில் அந்த டார்ச்சை அடித்தால் ஒழுகிய வழி பச்சை மஞ்சளாக ஒளிரும். பழைய கறையில் சாயம் இருக்காது, அதனால் குழப்பமும் இல்லை. கை நுழையாத இடத்துக்கும், வாரத்துக்கு ஒரு சொட்டு விடும் வண்டிக்கும் இதுதான் சரி. ஏசி கேஸ் ஒழுகலுக்கும் அப்படியே. தினமும் மூன்று சொட்டு விடுகிற வண்டிக்கு இதை வாங்குவது வீண் செலவு. கூலண்ட் என்றால் மூன்றையும் விட்டுவிடுங்கள். ரேடியேட்டர் மூடிக்குப் பதில் கைப்பம்பை மாட்டி, மூடியில் எழுதியுள்ள அழுத்தம் வரை அடித்தால் என்ஜினை ஓட்டாமலேயே ஒழுகல் வெளியே வந்துவிடும். ஆனால் சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் தொடவே கூடாது.

அடைப்பதிலும் மூன்று கட்சி. ஆயிலில் ஊற்றும் ஸ்டாப் லீக் மருந்து, இறுகிப்போன ரப்பர் சீலைக் கொஞ்சம் ஊதவைக்கும். உடைந்த பேக்கிங்கை, அதாவது இரண்டு பாகம் சேரும் இடத்தில் வைக்கும் அடைப்பை, அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ரேடியேட்டருக்குள் போடுகிற சரக்கும் அப்படித்தான், மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைத்துவிடும். லாரிக்காரர்கள் அவசரத்துக்கு மஞ்சள்தூள் போடுவதும் இந்த வகைதான். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது உண்மை, ஆனால் அது ரேடியேட்டருக்காகக் கொடுத்தது இல்லை. ராத்திரி திம்பம் மலைப்பாதையில் மாட்டிக்கொண்டால் போட்டு வீடு வந்து சேரலாம், அப்புறம் மொத்தத்தையும் கழுவி எடுக்க வேண்டும்.

அடுத்தது, மேலோடு சிலிக்கான் பசை பூசுவது. ஆயில் ஈரத்தில் அது பிடிக்காது, ஒரு மாதத்தில் தோலாக உரிந்து வரும்.

நான் டேப்பட் கவரின் பேக்கிங்கையே மாற்றினேன். கழற்றிய பழைய ரப்பர் மடக்கினால் பிளாஸ்டிக் போல் சடக்கென்று முறிந்தது. பசை போட்டது, என்ஜினின் பக்கவாட்டு மூடியான டைமிங் கவர், மேல்பாகமான ஹெட்டோடு சேரும் இரண்டு மூலையில் மட்டும்தான். போல்ட்டை, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ஸ்பேனர் வைத்து நடுவிலிருந்து வெளியே, கையேட்டில் உள்ள அளவுக்குத்தான் இறுக்க வேண்டும். பலம் இருக்கிறது என்று முறுக்கினால் பேக்கிங் பிதுங்கும், கவர் விரியும். கூடவே என்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் பிரீதர் ஹோஸையும் கழற்றி ஊதிப் பார்த்தேன். அது அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, புது பேக்கிங்கையும் தள்ளிவிடும்.

அந்த ஒர்க்‌ஷாப்பில் சொன்னது எல்லா வண்டிக்கும் தப்பு என்று நான் சொல்லவில்லை. பவுடர் போட்ட பிறகு மேலே எல்லாம் காய்ந்தே இருந்து, கியர்பாக்ஸ் கூட்டின் அடியில் மட்டும் ஈரம் வந்தால் சீல்தான், இறக்கித்தான் ஆக வேண்டும். அப்போது கிளட்ச் பிளேட்டையும் பார்த்துவிடுங்கள், அதற்கும் கூலி அதேதான்.

இப்போது அட்டையில் விழுவது ஏசித் தண்ணீர் மட்டும்தான். அம்மா அதையும் நம்பவில்லை. அவர் வாசலை விட்டுத் துரத்திய கார் இன்னும் வேப்பமரத்தடியில்தான் நிற்கிறது.