போருக்கு நடுவே ஒரு தூண் நிழல்: 28,000 ரூபாய் ஏமாந்த கதை

பழைய போர் ஓவியங்களைக் கையால் வரைந்து தருவதாக இன்ஸ்டாவில் விளம்பரம் செய்யும் ஒரு கடையில் 28,000 ரூபாயை விட்டேன். திரும்பி வரும் என்ற நம்பிக்கை அதிகமில்லை. இன்னொருவர் போய் மாட்டக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

என் தாய்மாமா சரித்திர வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். காஞ்சிபுரம் பக்கம்தான் எங்கள் ஊர். சின்ன வயதில் அவர் சைக்கிளில் என்னை உட்கார வைத்துப் புள்ளலூருக்குக் கூட்டிப் போவார். 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையைச் சுற்றி வளைத்து நொறுக்கிய இடம் அது. பெய்லிக்குத் துணையாக வந்திருக்க வேண்டிய கம்பெனித் தளபதி ஹெக்டர் மன்றோ காஞ்சிபுரத்திலேயே நின்றுவிட்டு, சேதி தெரிந்ததும் கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குத் திரும்பினார். அந்தக் குளத்துக் கதையை மாமா நூறு தடவையாவது சொல்லியிருப்பார்.

அந்தப் போரைத்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவரில் திப்பு வரைய வைத்தார். நடுவில் சிவப்புக் கோட்டுச் சிப்பாய்கள் சதுரமாக அணிவகுத்து நிற்பார்கள். உள்ளே பல்லக்கில் பெய்லி விரலைக் கடித்தபடி இருப்பார். மேலே வெடிமருந்து வண்டி வெடித்துச் சிதறும். இரண்டு பக்கமும் மைசூர்க் குதிரைப்படை பாயும். மாமாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு இந்தச் சுவரோவியத்தைத் துணியில் வரைந்து தர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நகல்தானே என்ற தயக்கமும் எனக்கு இல்லை. அந்தச் சுவரே ஒரு தடவை வெள்ளையடித்து மறைக்கப்பட்டு, பிறகு ஆங்கிலேய அதிகாரிகளான வெல்லெஸ்லி காலத்திலும் டல்ஹவுசி காலத்திலும் திரும்ப வரையப்பட்டதுதான்.

கடைக்காரர் போனில் தேன் ஒழுகப் பேசினார். "2022-ல லண்டன் ஏலத்துல 6,30,000 பவுண்டுக்குப் போன போர் சார் இது. நம்ம ஆர்ட்டிஸ்ட் ஒவ்வொரு தலையையும் தனித்தனியா வரைவார்." ஏலம் போனது உண்மை. அது பத்துத் தாள்களில் 32 அடி நீளத்துக்கு வரைந்த படம். எனக்கு ஆறடிக்கு இரண்டரை அடி போதும் என்றேன். 14,000 அட்வான்ஸ், மீதி அனுப்பும்போது, 18 நாளில் கையில் கிடைக்கும் என்றார். நூற்றுக்கணக்கான ஆளும் குதிரையும் உள்ள படத்தை ஒருவர் 18 நாளில் எப்படி முடிப்பார்? அப்போது இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

இடையில் 'வேலை நடக்கிறது' என்று வாட்ஸப்பில் இரண்டு படம் வந்தது. முதுகைக் காட்டி ஒருவர் தூரிகையோடு உட்கார்ந்திருக்கிறார், எதிரே கேன்வாஸ். இப்போது எடுத்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. கோடு போட்ட தடம் இல்லை, அடி வண்ணம் இல்லை. படம் முழுசாக முடிந்திருக்கிறது, மனிதர் சும்மா தூரிகையைப் பிடித்திருக்கிறார்.

பிறந்தநாளன்று பிரித்தோம். எல்லாரும் கைதட்டினார்கள். மாமா மட்டும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் போய்ப் பார்த்தார்.

"ஏன்டா, குதிரைங்களுக்கு நடுவுல இது என்னடா கறுப்பா ஒரு பட்டை?"

தூணின் நிழல்! மாளிகைத் தாழ்வாரத் தூணின் நிழல் சுவரில் சாய்வாக விழுந்த நேரத்தில் யாரோ புகைப்படம் எடுத்திருக்கிறார். அந்தப் படத்தை அப்படியே கேன்வாஸில் அச்சடித்து, மேலே தெளிவான ஜெல்லைத் தூரிகையால் இழுத்துவிட்டிருக்கிறார்கள். தடவினால் வண்ணம் மேடு பள்ளமாகத் தட்டுப்படும். ஆனால் அந்த மேடுகள் குதிரையின் கழுத்தோடு வளையவில்லை. பெய்லி முகத்தின் குறுக்கே நேராக ஓடின. ஸ்டாம்பு பார்க்கும் லென்ஸை மாமா எடுத்து வந்தார். வானம் முழுக்க நீலமும் சிவப்பும் மஞ்சளுமாகப் புள்ளிகள், நாளிதழ்ப் படத்தில் இருப்பது மாதிரி. சட்டத்தின் பக்கவாட்டில் மடித்த துணி பளிச்சென்ற வெள்ளை, ஒரு சொட்டு வண்ணம் சிந்தவில்லை. எண்ணெய் வண்ணம் என்றார்கள், வாசனையே இல்லை.

போன் போட்டேன். "கையால ஃபினிஷ் பண்ணது சார், பில்லைப் பாருங்க" என்றார். பார்த்தேன். விளம்பரத்தில் 'ஹேண்ட் பெயின்டட்', பில்லில் 'ஹேண்ட் ஃபினிஷ்டு'. ஆர்டரின் பேரில் செய்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று கீழே பொடி எழுத்தில் ஒரு வரி வேறு. மறுநாள் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். நான் யுபிஐ-யில் அனுப்பிய இரண்டு தொகையும் கடைப் பெயருக்குப் போகவில்லை, ஏதோ தனிநபர் பெயருக்குப் போயிருக்கிறது. அதையும் அன்றைக்குத்தான் கவனித்தேன்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். கடையிலிருந்து பதிலே இல்லை. பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இணையம் வழியாகவே மனு போட்டேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டை அன்றே எடுத்து வைத்ததால்தான் காட்ட ஏதோ இருக்கிறது. நீங்கள் ஆர்டர் கொடுப்பதாக இருந்தால் பென்சில் கோட்டு நிலையிலேயே வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள். அச்சுப் படம்தான் வேண்டும் என்றால் அச்சு விலைக்கே வாங்கலாம், அதில் தப்பில்லை; அச்சுக் கடையில் நான் விசாரித்தபோது இதே அளவுக்கு நாலாயிரத்துக்குள் சொன்னார்கள்.

படம் இப்போது மாமா வீட்டுப் பரணில் இருக்கிறது. போன வாரம் அந்தக் கடை வேறு பெயரில் வந்திருக்கிறது. விலை 32,000 ஆகியிருக்கிறது. முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பவரும் அவரேதான். கேன்வாஸின் வலது பக்கம் பெரிதாக்கிப் பாருங்கள், தூண் நிழல் அங்கேயே இருக்கிறது.