ஆடி டிடி-யின் ஆறு கியர் டூயல் கிளட்ச்: லட்சம் கிலோமீட்டருக்குப் பிறகு

மூன்றாவதிலிருந்து நான்காவதுக்கு மாறும்போது வண்டியின் இழுவை துளியும் விட்டுப்போகாது. ஆடியின் ஸ்போர்ட்ஸ் காரான டிடி-யில் இந்த டூயல் கிளட்ச் கியர்பாக்ஸை வாங்கியவர்கள் முதலில் மயங்குவது இதில்தான். இரண்டாம் தலைமுறை டிடி 2.0 டர்போவுக்கு 100 கி.மீ. வேகம் தொட மேனுவலில் 6.6 விநாடி, இதில் 6.4 என்று நிறுவனமே சொன்னது.

2003-இல் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஆர்32-இலும் டிடி 3.2-இலும் வந்த இதன் உள்பெயர் டிகியூ250. தாங்கும் முறுக்குவிசை 350 நியூட்டன் மீட்டர். 1, 3, 5 கியர்கள் ஒரு கிளட்சில், 2, 4, 6 இன்னொன்றில். இரு கிளட்சுகளும் எண்ணெயில் நனைந்தே சுழலும். மூன்றாவதில் முடுக்கும்போதே நான்காவது தயாராகக் கோர்த்திருக்கும். கணிப்பு தப்பினால்தான் வம்பு: வேகமெடுத்துக்கொண்டே போய், சட்டென்று கீழ் கியர் கேட்டால் ஒரு நொடி யோசிக்கும். ஆறிலிருந்து இரண்டுக்கு நேராகவும் தாவாது, அந்த இரு கியர்களும் ஒரே கிளட்சில் இருப்பதால் இடையில் ஐந்தைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கும்.

இதைத் தேய்ப்பது ரேஸ் டிராக்கைவிட நெரிசல்தான். பிரேக்கை லேசாகத் தொட்டபடி அங்குலம் அங்குலமாக நகர்ந்தால் கிளட்ச் பாதி பிடியில் வழுக்கி, எண்ணெயைச் சூடாக்கும். நிற்கும்போது பிரேக்கை அழுத்தி மிதியுங்கள், கிளட்ச் விடுபடும். முன்னே இரண்டு கார் நீளம் காலியான பிறகு ஒரே மூச்சில் நகருங்கள். மேட்டில் ஆக்ஸிலரேட்டரால் வண்டியை நிறுத்தி வைப்பது கிளட்சுக்குச் செய்யும் துரோகம்.

கியர்பாக்ஸ் எண்ணெயும் ஃபில்டரும் 60,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மொத்தக் கொள்ளளவு 7.2 லிட்டர் என்றாலும் மாற்றும்போது ஏறுவது சுமார் 5.2 லிட்டர்தான். நிறுவனத்தின் ஜி 052 182 தரத்தில் உள்ளதே வேண்டும், சாதாரண ஆட்டோமேட்டிக் எண்ணெய் ஊற்றவே கூடாது. வடிக்கும் நட்டைக் கழற்றினால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் குழாய் இருக்கும். அதையும் 8 மி.மீ. ஆலன் சாவியால் கழற்றினால்தான் முழுதும் வடியும். புது எண்ணெயை நிரப்புமுன் குழாயை மறுபடி பூட்டுங்கள். அதன் உயரமே எண்ணெயின் அளவுகோல். நிரப்பியதும் எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா நிலைகளிலும் சில விநாடி நிறுத்தி நகர்த்த வேண்டும். எண்ணெய் 35 முதல் 45 டிகிரிக்குள் இருக்கையில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக வழிந்தால் அளவு சரி. சூடான வண்டியில் பார்த்தால் எண்ணெய் விரிந்து நிற்பதால் அளவு சரியென்று தோன்றும், ஆறியபின் குறைவாக இருக்கும். பல பட்டறைகள் கோட்டை விடுவது இங்கேதான்.

ஐட்லிங்கில் கடகட சத்தம் கேட்டால் உடனே கியர்பாக்ஸைக் கழற்றச் சொல்லாதீர்கள், எஞ்சின் அதிர்வை உள்வாங்கும் இரட்டைச் சக்கரமான டூயல் மாஸ் ஃப்ளைவீல் தேய்ந்திருக்கலாம். முதல் கியரில் கிளம்புகையில் அதிர்ந்தால் எண்ணெய் மாற்றி, டயக்னாஸ்டிக் கருவியில் அடிப்படை அமைப்பு (கிளட்ச் பிடிக்கும் இடத்தை கியர்பாக்ஸுக்கு மறுபடி கற்றுக்கொடுப்பது) ஓட்டிப் பாருங்கள். கியர் எண் திரையில் மின்னி வண்டி முரண்டினால் கியர்பாக்ஸை இயக்கும் மின்னணு-ஹைட்ராலிக் பகுதியான மெக்கட்ரானிக்ஸ் பக்கம் போக வேண்டியதுதான். அது பர்ஸைக் காலி பண்ணும் வேலை, ஆகவே பழைய டிடி வாங்கும்போது எண்ணெய் மாற்றிய ரசீதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுங்கள்.