கொண்டை ஊசி வளைவில் எந்த ஒலி முந்த வேண்டும்?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஓட்டும் விளையாட்டு ஒன்றுக்கு ஒலி அமைத்துக்கொண்டிருக்கிறோம். முதல் கியரில் முக்கும் இன்ஜின், கூரையில் மழை, நடத்துநரின் விசில், காட்டில் சில்வண்டு, எதிரே இறங்கிவரும் லாரியின் ஹாரன் என எல்லாம் ஒரே நேரத்தில் ஒலிக்கும். வண்டி தப்ப வேண்டுமானால் அந்த லாரியின் ஹாரன் காதில் விழுந்தாக வேண்டும். அதற்கு வழிகள் நான்கு.

எளிதானது டக்கிங். ஓர் ஒலி வரும்போது மற்றவற்றின் அளவு தானாகக் குறையும். விளையாட்டுகளை உருவாக்கும் மென்பொருளான யூனிட்டியின் மிக்சரிலேயே, அதாவது ஒலிகளைக் கலக்கும் பகுதியிலேயே, இந்த வசதி இருப்பதால் எல்லாரும் இதை எல்லாவற்றுக்கும் பூட்டிவிடுகிறார்கள். நடத்துநர் "ரைட் ரைட்" என்றதும் மழை சட்டென்று அடங்குகிறது, அவர் நிறுத்தியதும் குபுக்கென்று எழுகிறது, அடுத்த "ஹோல்டான்" வந்ததும் மறுபடி அடங்குகிறது. மழைக்கே மூச்சிரைப்பு வந்ததுபோல் இருக்கும். குறைப்பை 4 டெசிபலோடு நிறுத்தி, மீளும் நேரத்தை முக்கால் நொடியாவது நீட்டினால் உறுத்தாது. பேச்சுக்கு இவ்வளவு போதும். ஹாரனுக்குப் போதாது: பின்னால் வரும் பைக்கும் எதிரே வரும் லாரியும் டக்கிங்குக்கு ஒன்றுதான்.

ஸ்னாப்ஷாட் என்பது மிக்சரின் மொத்த நிலையையும் சேமித்துவைத்து, வேண்டும்போது மாற்றுவது. மூடுபனிக்குள் நுழையும்போதும், நிறுத்தத்தில் கதவு திறக்கும்போதும் அருமை. நொடிக்கு நொடி மாறும் சாலைக்குச் சரிவராது.

எச்டிஆர் (ஹை டைனமிக் ரேஞ்ச்) ஒலி, விளையாட்டு நிறுவனமான டைஸ் 2008-ல் 'பேட்டில்ஃபீல்ட்: பேட் கம்பெனி'யில் பயன்படுத்திப் பேர் வாங்கிய முறை. ஒவ்வொரு ஒலிக்கும் நிஜ உலகை ஒட்டி ஓர் உரப்பு அளவைக் கொடுத்துவிட வேண்டும். அந்தந்த நொடியில் எது உரக்க ஒலிக்கிறதோ அதற்கேற்பக் கேட்கும் எல்லை மேலே நகரும். எல்லைக்குக் கீழே போன சில்வண்டு ஒலிக்கவே ஒலிக்காது. குண்டு வெடிக்கும் போர்க்களத்துக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் சேர்வராயன் மலைச்சாலையில் உரப்பு வேறு, ஆபத்து வேறு. நம் இன்ஜின் காதருகே உறுமுகிறது. உயிருக்கு உலைவைக்கும் லாரியோ இரண்டு வளைவு தள்ளி மெலிதாக ஹாரன் அடிக்கிறது. எச்டிஆர் இன்ஜின் பக்கமே சாயும். போதாக்குறைக்கு, விளையாட்டு ஒலிக்கான தனி மென்பொருளான வைஸில் கைவசம் உள்ள இந்த வசதி யூனிட்டியின் சொந்த மிக்சரில் கிடையாது.

என் ஓட்டு முக்கியத்துவ வரிசைக்கு. பிளிசார்ட் நிறுவனம் 2016-ல் வெளியிட்ட 'ஓவர்வாட்ச்' இதற்கு நல்ல முன்மாதிரி. எதிரி எவ்வளவு அருகில் இருக்கிறார், உங்களைக் குறிவைக்கிறாரா என்றெல்லாம் பார்த்து மதிப்பெண் போட்டு, அதிக மதிப்பெண் பெறுபவர்களின் ஒலியை மட்டும் தூக்கிக் காட்டுகிறார்கள். எங்கள் பஸ்ஸுக்கு இதையே மாற்றி எழுதினோம்: லாரி நம்மை நெருங்க எத்தனை நொடி, வளைவு அதை மறைக்கிறதா, இறங்குகிறதா? குறுகலான மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. அதை மதிக்காமல் பாய்ந்து வரும் லாரிக்கு மதிப்பெண் கூடும். பைக் ஹாரனைத் தாழ்த்துவதற்குப் பதில் ஒலிக்காமலே விட்டுவிட்டோம், சாலை தெளிந்துவிட்டது. யூனிட்டியில் ஒரே நேரத்தில் உண்மையாக ஒலிப்பவை, அமைப்பை மாற்றாதவரை, 32 மட்டுமே. முன்னுரிமை எண் 0 என்றால் மிக முக்கியம், 256 என்றால் கடைசி, தலைகீழாகப் போட்டுவிடாதீர்கள். இந்த முறைக்கு நிரலாளர் வேண்டும், அவரோடு தினம் மல்லுக்கட்டத் தெம்பும் வேண்டும்.

செல்பேசி ஸ்பீக்கரில் கதை கொஞ்சம் மாறும். இன்ஜினின் அடித்தொனி பெரும்பாலும் காணாமல் போய்விடும்; அங்கே ஹாரனோடு மோதுவது நடத்துநரின் குரல். இரண்டும் 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் நெருக்கியடிக்கின்றன. ஆகவே ஹாரன் ஓயும்வரை நடத்துநர் வாய் திறக்கக் கூடாது என்று விதி வைத்தோம். ஹெட்போனில் கேட்டு முடிவெடுக்காதீர்கள்; சேலம் புதிய பஸ் நிலையத்தின் இரைச்சலில் செல்பேசியை வைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.