விண்வெளிக்கு ஆய்வுப் பெட்டி அனுப்பும் சேவை: பெட்டி அருமை, தகவல் சொல்வதில் சொதப்பல்

சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு ஆய்வுப் பெட்டிகளை ஏற்றிவிடும் ஒரு தனியார் நிறுவனம் வழியாக எங்கள் குழுவின் வேர் வளர்ச்சிச் சோதனையை அனுப்பினோம். பெயர் வேண்டாமே. பெட்டி 10 சென்டிமீட்டர் கனசதுரம். அரபிடாப்சிஸ் (ஆய்வகங்களில் அதிகம் வளர்க்கும் ஒரு சின்னச் செடி) விதைகள், பம்ப், விளக்கு, கேமரா எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

பொறியாளர்களுக்கு முழு மதிப்பெண். காற்றுக் குமிழி பற்றி எங்களைவிட அவர்கள்தான் அதிகம் கவலைப்பட்டார்கள். தரையில் குழாய்க்குள் குமிழி வந்தால் தானாக மேலே போய்விடும். அங்கே மேல், கீழ் கிடையாது. வேரில் ஒட்டிக்கொண்டால் ஒட்டியதுதான், அந்தப் பக்கம் தண்ணீர் போகாது. அதனால் காற்றை மட்டும் வெளியே விடும் சவ்வு ஒன்றைக் குழாயில் பொருத்தினார்கள். குட்டி மின்விசிறியும் அவர்கள் யோசனைதான். சூடான காற்று மேலெழாத இடத்தில், விசிறி இல்லாவிட்டால் செடி விட்ட மூச்சு அதைச் சுற்றியே தேங்கி நிற்கும். வந்த படங்களில் வேர்த்தூவிகள்கூடத் தெரிந்தன!

பாதுகாப்புப் பரிசோதனை இழுத்தடித்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன். கசிந்த ரசாயனம் மிதந்து யார் கண்ணிலாவது பட்டால் என்ன ஆவது?

கோபம் வேறு இடத்தில். ராக்கெட் தள்ளிப்போவது சகஜம், சரி. ஆனால் தள்ளிப்போன பிறகு பெட்டியைத் திறந்து புது விதை வைக்கலாமா என்று கேட்டால் பதிலே இல்லை. உலர்விதை என்பதால் தப்பித்தோம். உயிருள்ள செல்களாக இருந்திருந்தால் அவ்வளவுதான்.

அப்புறம் கரியமில வாயு. நிலையத்துக்குள் அது வெளிக்காற்றில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். ஒப்பிட்டுப் பார்க்கத் தரையில் ஓடும் அதே மாதிரியான ஜோடிப் பெட்டிக்கும் அதே அளவைக் கொடுத்தால்தான், வேர் கோணியது எடையின்மையாலா காற்றாலா என்று பிரித்துச் சொல்ல முடியும். வெப்பநிலைப் பதிவை உடனே தந்தார்கள். வாயு அளவை மட்டும் கேட்டுக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. அதே காற்றில் வைத்து ஒப்பிட, மேலேயே பெட்டியைச் சுழற்றி, பூமி அளவு ஈர்ப்பைத் தரும் வசதியும் இவர்கள் திட்டத்தில் இல்லை. நிலையத்தில் உள்ள ஐரோப்பிய விண்வெளி முகமையின் 'குபிக்' இன்குபேட்டரில் (வெப்பநிலையைச் சீராக வைக்கும் பெட்டி) அது உண்டு.

விதை, படிகம் மாதிரி காத்திருக்கக்கூடிய சரக்கு என்றால் தாராளமாக இவர்களிடம் போகலாம். செல் வளர்ப்பு என்றால், ஏவுதலுக்குச் சற்று முன்பு ஏற்றித் தருவோம் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.