கரண்ட் போகிற ஊரில் எந்த லேப்டாப்?

இங்கே பர்மாவில், மோல்மீனிலிருந்து ஓர் அண்ணன் கேட்டிருந்தார்: "தம்பி, பாப்பா காலேஜுக்குப் போகுது. வின்டோஸா, மேக்கா, அந்த லினக்ஸா, எது பெஸ்ட்டு? நீதான் மூணையும் கட்டி மேய்க்கிறியே." மேய்ப்பது உண்மைதான். அச்சு வேலைக்குக் கடையில் ஒரு மெல்லிய வின்டோஸ் லேப்டாப் இருக்கிறது. என் மேசையில் லினக்ஸ் மின்ட் (லினக்ஸில் ஒரு வகை) போட்ட பழைய திங்க்பேட் டி480. அக்கா மகளிடம் ஆப்பிளின் எம்1 சிப் உள்ள மேக்புக் ஏர். அதில் என்ன செய்யவேண்டும் என்றாலும் அது என்னிடம்தான் வரும். போனில் இரண்டு வரியில் பதில் சொல்லப் பார்த்தேன், அடங்கவில்லை. போன வாரம் வின்டோஸ் லேப்டாப்பின் ரிப்பேருக்கு அழுத காசு வேறு நெஞ்சில் நிற்கிறது. எனவே கொஞ்சம் சூடாகத்தான் எழுதுவேன்.

ராம் எவ்வளவு, பிராசஸர் எந்தத் தலைமுறை என்பதெல்லாம் கடையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலேயே தெரியும். ரங்கூனில் இருப்பவனுக்கு முதல் கேள்வி வேறு. கரண்ட் போனால் எவ்வளவு நேரம் தாங்கும்? திரும்ப எதிலிருந்து சார்ஜ் ஏற்றலாம்? "மீ லாபி!" (கரண்ட் வந்தாச்சு!) என்று தெருவே கத்தும்போது முதலில் தண்ணீர் மோட்டாரைப் போட ஓடுகிறோம். அடுத்து ரைஸ் குக்கர், பிறகு இன்வெர்ட்டர் பேட்டரி. லேப்டாப்பின் முறை வருவதற்குள் சில நாள் மறுபடி இருட்டிவிடும்.

அதனால்தான் டி480 எனக்குச் செல்லப்பிள்ளை. 2018ஆம் ஆண்டு மாடல். உள்ளே ஒரு பேட்டரி, 24 வாட்-மணி (பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் அடங்கும் என்பதன் அளவு). பின்பக்கம் கழற்றி மாட்டுகிற இன்னொன்று. பின்பக்கத்துக்கு 72 வாட்-மணி வரை கிடைக்கும். லேப்டாப் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அணைக்காமல், அடியில் உள்ள கொண்டிகளைத் தள்ளிப் பின் பேட்டரியை உருவி எடுத்துவிட்டு வேறொன்றைச் சொருகலாம். அந்த இடைவெளியில் உள்பேட்டரி தாங்கிப் பிடிக்கும். அதுவும் முதலில் வெளிப் பேட்டரியைத்தான் தின்று தீர்க்கும். உள்ளே இருப்பதைக் கடைசிவரை சேமித்து வைக்கும். இதை யோசித்த ஆள் நிச்சயம் கரண்ட் போகிற ஊரில் பிறந்தவராகத்தான் இருக்கவேண்டும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அடுத்த ஆண்டு வந்த டி490இல் இந்த வசதியைத் தூக்கிவிட்டார்கள். மெல்லிசாக வேண்டுமாம். யார் கேட்டார்கள்?

பெரிய பேட்டரி அடியில் புடைத்துக்கொண்டு நிற்கும். முதலில் அசிங்கமாகத்தான் இருந்தது. பிறகு பார்த்தால், பின்பக்கம் சற்று உயர்ந்து கீபோர்டு சரிவாக நிற்பதால் மணிக்கட்டுக்கு அதுவே சுகமாக இருக்கிறது. திரை வெளிச்சத்தைக் குறைத்து வெறும் தட்டச்சு வேலை மட்டும் செய்தால் ஏழெட்டு வாட்தான் இழுக்கும். இரண்டு பேட்டரியும் சேர்ந்து 96 வாட்-மணி என்றால், கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே நியாயமாக ஒன்று சொல்லவேண்டும். மேக்புக் ஏரில் இருப்பது 49.9 வாட்-மணி பேட்டரி, அதாவது என்னுடையதில் பாதி. இணையம் பார்க்க 15 மணி நேரம் என்று ஆப்பிள் எழுதியிருக்கிறது. அக்கா மகள் அதில் பாடமும் நாடகமும் மாறிமாறிப் பார்த்தாலும், கரண்ட் இல்லாத ஒரு முழுப் பகலை அது சாதாரணமாகத் தாண்டிவிடுகிறது. விசிறி கிடையாது, சத்தம் கிடையாது, மடியில் சூடு கிடையாது. மூடினால் தூங்குகிறது, மறுநாள் திறந்தால் விட்ட இடத்திலேயே நிற்கிறது. இரண்டு பேட்டரியைக் கட்டிச் சுமந்துகொண்டு நான் செய்கிற வித்தையை அது ஒன்றை வைத்துக்கொண்டு சும்மா செய்கிறது. இது எனக்குப் பிடிக்காத உண்மை.

மூடினால் தூங்குவது என்றேன் அல்லவா, என் வயிற்றெரிச்சலே அங்கேதான். கடையில் உள்ள வின்டோஸ் லேப்டாப்பின் பிராண்டு பெயர் வேண்டாம். மூடிப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனால், பைக்குள்ளே இட்லிப் பானை மாதிரி கொதித்துக்கொண்டிருக்கும். திறந்தால் பேட்டரி பாதி காலி. இது அந்த ஒரு லேப்டாப்பின் கோளாறு மட்டும் இல்லை. முன்பெல்லாம் எஸ்3 என்ற உறக்க நிலை இருந்தது. நினைவகத்துக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் கொடுத்துவிட்டு மற்றதெல்லாம் அணைந்துவிடும். இப்போது வரும் வின்டோஸ் லேப்டாப்புகள் பலவற்றில் அதை எடுத்துவிட்டு மாடர்ன் ஸ்டான்ட்பை என்று வைத்திருக்கிறார்கள். போன் மாதிரி, திரை அணைந்தாலும் உள்ளே விழித்திருந்து மெயிலும் அப்டேட்டும் பார்த்துக்கொள்ளுமாம். கரண்ட் கொட்டிக் கிடக்கிற ஊரில் பார்க்கட்டும். எனக்கு வேண்டியது மூடினால் செத்ததுபோல் கிடக்கிற ஒரு லேப்டாப். டி480 எஸ்3யில் அப்படித்தான் கிடக்கிறது. வின்டோஸிலேயே ஹைபர்னேட்டை (நினைவகத்தில் உள்ளதை டிஸ்கில் எழுதிவிட்டு முழுதாக அணைவது) இயக்கி, மூடினால் அதுதான் என்று அமைத்துவிட்டால் தொல்லை குறையும். இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஆனால் எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும். வாடிக்கையாளர் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த லேப்டாப்பின் சார்ஜ் துளை போன வாரம் செத்தது. துளை போர்டிலேயே இருக்கிறது, ராமும் போர்டிலேயே பற்றவைத்திருக்கிறது. போர்டையே மாற்றவேண்டும் என்றார் முதல் ஆள். இரண்டாவது கடைப் பையன் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு துளையை மட்டும் எடுத்து வேறு வைத்துக் கொடுத்தான். கை நடுங்கவே இல்லை. அவனுக்குக் கொடுத்த காசுக்கு வருத்தம் இல்லை. முதல் ஆள் வெறுமனே பார்த்ததற்கே காசு வாங்கிக்கொண்டார் பாருங்கள், வருத்தம் அதற்குத்தான்.

சரி, எழுத்து விஷயத்துக்கு வருகிறேன். கோவில் அழைப்பிதழ், கல்யாணப் பத்திரிகை, கடை ரசீது என்று எனக்குத் தமிழும் பர்மீயமும் ஒரே பக்கத்தில் வேண்டும். இதில்தான் டி480 எதிர்பாராத ஒரு சந்தோஷத்தைக் கொடுத்தது. அது ஜப்பானில் ஏதோ ஆபீஸில் உழைத்து ஓய்ந்து இங்கே செகண்ட்ஹேண்டாக வந்தது. கீபோர்டு ஜப்பானியம். ஸ்பேஸ் பார் குட்டையாக இருக்கும். அதன் இருபுறமும் ஜப்பானிய எழுத்து மாற்றத்துக்கென்று கூடுதலாக இரண்டு விசைகள். இதனாலேயே கடைக்காரர் விலையைக் குறைத்தார். மின்ட்டில் அந்த இரண்டுக்கும் வேலை கொடுத்துவிட்டேன். இடது கட்டைவிரலில் தமிழ்99 என்ற தமிழ் விசை அமைப்பு, வலது கட்டைவிரலில் பர்மீயம். மொழி மாற்ற இரண்டு மூன்று விசைகளைச் சேர்த்து அமுக்கிக்கொண்டு, எந்த மொழியில் நிற்கிறோம் என்று மூலையில் எட்டிப் பார்க்கிற வேலையே இல்லை. இதை எந்தப் புதிய லேப்டாப்பும் எனக்குத் தரவில்லை.

வின்டோஸில் தமிழ் முன்னைவிட எவ்வளவோ பரவாயில்லை. ஒரு காலத்தில் இ-கலப்பையோ என்.எச்.எம். ரைட்டரோ இறக்கிப் போட்டால்தான் தமிழ் சுலபமாக வரும். 2019 மே மாத அப்டேட்டிலிருந்து ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாகிற ஒலிபெயர்ப்புக் கீபோர்டு வின்டோஸ் 10இலேயே வந்துவிட்டது. மேக்கிலோ அஞ்சல், தமிழ்99 என்ற இரண்டு விசை அமைப்புகளும் வெகுகாலமாகக் கூடவே வருகின்றன. மேக்கில் இருக்கும் தமிழ் சங்கம் எம்.என்., மியான்மர் சங்கம் எம்.என். எழுத்துருக்கள் இரண்டையும் வடிவமைத்தவர் மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன். ஒரே பத்திரிகையில் இரண்டு மொழியும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும்போது கண்ணுக்கு ஒட்டி வருகிறது. அக்கா மகளின் மேக்கை வாங்கி வைத்துக்கொண்டு நான் அதில் கல்யாணப் பத்திரிகை அடித்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

ஆனால் எந்த லேப்டாப்பும் தீர்க்காத தலைவலி ஒன்று இந்த ஊரில் உண்டு: ஸோஜி என்ற பழைய பர்மீய எழுத்துரு. தமிழில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை எழுத்துரு இல்லாமல் திறந்தால் ஆங்கில எழுத்தாகக் கொட்டும், பார்த்ததும் தெரிந்துவிடும். ஸோஜி அப்படி இல்லை. எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கிற பொதுத் தரமான யூனிகோடு பர்மீயத்துக்கு ஒதுக்கிய அதே எண்களில் உட்கார்ந்துகொண்டு வேறு விதமாகப் பயன்படுத்துகிறது. நம் ஒற்றைக்கொம்பு மாதிரி பர்மீயத்திலும் எழுத்துக்கு முன்னால் நிற்கும் ஒரு குறி உண்டு. யூனிகோடு அதை எழுத்துக்குப் பின்னால் சேமித்து, முன்னால் காட்டும். ஸோஜி கண்ணுக்குத் தெரிகிறபடி முன்னாலேயே சேமிக்கும். ஆகவே ஒன்றில் அடித்ததை மற்றதில் திறந்தால் பக்கம் பர்மீயம் மாதிரிதான் தெரியும். கிட்டே போனால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். 2019 அக்டோபர் 1 முதல் நாடே யூனிகோடுக்கு மாறுவது என்று முடிவானது. புதிய போன்கள் எல்லாம் மாறிவிட்டன; வாடிக்கையாளர் பென்டிரைவில் கொண்டுவரும் பழைய கோப்புகள் மாறவில்லை. வின்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் மாற்றிதான் ஆகவேண்டும், மாற்றியபின் வரிவரியாகப் படித்துப் பார்த்துதான் ஆகவேண்டும். இதற்காக யாரும் லேப்டாப் மாற்றவேண்டாம்.

லினக்ஸ் என்னைக் கைவிடுகிற இடம் அச்சகம். பழைய அச்சகத்துக்காரர்கள் இன்னும் பக்கம் வடிவமைக்கிற பழைய மென்பொருளான பேஜ்மேக்கரில், வின்இன்வா என்ற பழைய பர்மீய எழுத்துருவில்தான் கோப்பு கேட்கிறார்கள். பேஜ்மேக்கர் 7 வெளிவந்தது 2001இல். அதன்பிறகு புதிதாக ஒன்றும் வரவில்லை. இவர்களும் விடுவதாக இல்லை. அடோபியின் இந்த பேஜ்மேக்கர் லினக்ஸுக்குக் கிடையாது. கடையில் வின்டோஸ் இருப்பதற்கு இது ஒன்றுதான் காரணம். டி480இல் கைரேகை உணரி நிறுவியதும் மின்ட்டில் வேலை செய்யாது. அது இல்லாமல் நான் ஒன்றும் சாகவில்லை.

அண்ணே, இத்தனையும் படித்துவிட்டு டி480 தேடிப் போய்விடாதீர்கள். பாப்பாவுக்கு அது வேண்டாம். பெரிய பேட்டரியோடு சேர்த்தால் கனம், திரை மங்கல், அசல் பேட்டரி இப்போது கிடைப்பது கஷ்டம். 72 என்று மேலே ஒட்டியிருப்பதை நம்பக்கூடாது. மின்ட்டில் பவர் விவரத்தைத் திறந்து முழுக் கொள்ளளவு எவ்வளவு என்று பார்த்தபிறகுதான் காசை எடுக்கவேண்டும். அப்படிப் பார்த்து ஒன்றைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். பாப்பாவால் இதெல்லாம் முடியாது, முடியவும் வேண்டாம். மேக்புக் ஏர் வாங்கிக் கொடுங்கள். எம்1 போதும், கையில் காசு இருந்தால் 16 ஜிபி உள்ளதாக எம்2, எம்3 பாருங்கள், பின்னால் ராம் கூட்ட முடியாது. இந்த நாட்டில் ஆப்பிளின் சொந்தக் கடை கிடையாது, திரை உடைந்தால் கண்ணீர்தான் வரும். அதனால் கெட்டியான பை ஒன்றும் சேர்த்து வாங்குங்கள். ஆனால் அதற்கு முன்னால் காலேஜில் என்ன மென்பொருள் கேட்கிறார்கள் என்று விசாரித்துவிடுங்கள். வின்டோஸில் மட்டும் ஓடுவது என்றால் வேறு வழி இல்லை. அப்போது ராம் கழற்றி மாட்டக்கூடியதா, யுஎஸ்பி-சியில் சார்ஜ் ஏறுமா என்று இரண்டு கேள்வி கேளுங்கள். கடைக்காரர் திருதிருவென்று முழித்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

அக்கா மகள் இந்தப் பதிலைக் கேட்டுவிட்டு, "அப்ப மாமா, என்னோடது நீங்க எடுத்துக்குங்க, உங்களது எனக்கு" என்று வம்புக்கு இழுத்தாள். மாட்டேன் என்றேன். காரணம் கேட்டாள். காரணமாவது ஒன்றாவது, எனக்கு அந்த இரண்டு விசையும் பின் பேட்டரியும் வேண்டும், அவ்வளவுதான். விற்கப் போவது கடை வின்டோஸ் லேப்டாப்பைத்தான். பேஜ்மேக்கருக்கு ஒரு பழைய டெஸ்க்டாப் போதும். கரண்ட் இருக்கும்போது ஓடட்டும், இல்லாதபோது அச்சகத்துக்காரரும் சும்மாதானே உட்கார்ந்திருப்பார்.